கஸ்பாருக்குத் திரும்பி வந்த மொழி

ஜூலை 2

இன்று கஸ்பாரை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. வலது கையும் வலது காலும் இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஒரு சக்கர நாற்காலி, ஒரு பை நிறைய மாத்திரை, கூடவே ஒரு மொழி. ஆஸ்பத்திரியில் இவ்வளவும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மொழி விஷயத்தை முதலில் எழுத வேண்டும். லீவில் வந்த இடத்தில் பக்கவாதம் தாக்கிய நாளிலிருந்து வாய் திறக்காமல் கிடந்த மனிதர், போன வாரம் திடீரென்று 'தூபிக், தூபிக்' என்றார். உளறுகிறார் என்று நர்சுகள் சொல்லிவிட்டார்கள். வார்டுக்கு வந்த டாக்டர் முகிலன் மட்டும் நின்று காது கொடுத்தார். பிலிப்பைன்ஸ் போய் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர். "ஆன்ட்டி, சார் தண்ணி கேக்காரு. இது அந்த ஊரு பாஷை, தகாலோக்" என்றார்.

மூளையில் தமிழுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறதாம். பிறகு படித்த மொழி வேறு வழியாக முந்திக்கொண்டு வந்துவிட்டதாம். அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியதாம். கஸ்பார் கப்பலில் இருந்த காலமெல்லாம் கூட வேலை பார்த்தவர்கள் பிலிப்பினோக்கள். கடைசிப் பத்து வருடம் அந்த நாட்டிலேயே பத்தங்காஸ் என்ற ஊரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் மேஸ்திரி. ஆகவே அந்த மொழி வந்ததில் ஆச்சரியம் இல்லை. தமிழ் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

எந்தச் சொல் என்றைக்கு வந்தது என்று குறித்துவைக்கச் சொன்னார் டாக்டர். சும்மா குறித்துவிட்டுப் போகிறவளா நான்? கன்னியர் மடத்தில் மூன்று வருடம் இருந்து லத்தீன் படித்தவள். வெளியே வந்தபின் தூத்துக்குடிப் பெண்பிள்ளைகளுக்கு ஓய்வு பெறும்வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். வேரைப் பார்க்காமல் ஒரு வினைச்சொல்லையும் நான் விட்டதில்லை.

தூபிக்: தண்ணீர்.

ரெகவர்: லத்தீன் 'ரெகுபெராரே'. இழந்ததை மறுபடி கைக்கொள்ளுதல். ஆஸ்பத்திரியில் எல்லாரும் இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். யார், எதை என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஜூலை 5

மசகிட்: வலிக்கிறது. இரண்டு முறை படுக்கை விரிப்பு மாற்றினேன். குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஜூலை 9

ரெஜினா வந்தாள், கஸ்பாரின் தங்கை. சீலா மீன் வாங்கி, துண்டு போட்டுக் கழுவியே கொண்டுவந்தாள். என் கைக்கு மீன் அரியத் தெரியாது என்பது அவள் முடிவு.

"அண்ணன் என்ன மைனி சொல்லுதாவ? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"எனக்கு மட்டும் விளங்குதா?"

"ஒங்களுக்கு என்ன மைனி, எந்தப் பாஷையும் மூணு மாசத்துல படிச்சிருவிய. அண்ணன் எழுதுன காயிதத்தையே திருத்தி அனுப்புன ஆளுல்லா நீங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் கஸ்பார் கப்பலிலிருந்து எனக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுவார். டீச்சர் பெண்டாட்டிக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசை. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர். பக்கத்துக்குப் பக்கம் பிழை. நான் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் காரணமும் எழுதி, அடுத்த துறைமுகத்து முகவரிக்குத் திருப்பி அனுப்புவேன். யார் செய்வார்கள் இதை? பலனும் இருந்தது. கடிதத்துக்குக் கடிதம் பிழை குறைந்தது. கடிதமும் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியாக வந்ததில் இரண்டே வரி. நான் நலம், நீ நலமாக இரு. ஒரு பிழை இல்லை. அதன்பிறகு ஃபோன் வந்துவிட்டது, யாரும் கடிதம் எழுதுவதில்லை.

கரெக்ட்: லத்தீன் 'கொர்ரிகெரே'. கோணலை நேராக்குதல், ஆளுதல். நல்ல வினைச்சொல்.

மீன் குழம்பை கஸ்பார் தொடவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

ஜூலை 14

டாக்டர் முகிலன் படிக்கும் காலத்தில் வைத்திருந்த தகாலோக் அகராதியைக் கொடுத்தார். பின்னட்டை இல்லை, மற்றபடி நன்றாக இருக்கிறது. மீன் குழம்பு விஷயத்தைச் சொன்னேன். புளியை மட்டும் கரைத்து, மிளகாய் இல்லாமல், முள்ளங்கி போட்டு மீன் வேகவைத்துக் கொடுத்துப் பாருங்கள் என்றார். கொடுத்தேன். மூன்று கிண்ணம் குடித்தார். மிளகாய் இல்லாமல் வேகவைப்பது சமையலே கிடையாது. அதற்குக் கண்ணில் நீர் வேறு.

அகராதி கைக்கு வந்ததும் நங்கூரம், கயிறு, இயந்திரம், எண்ணெய் எல்லாவற்றுக்கும் தகாலோக் தேடி எழுதிவைத்துக்கொண்டேன். பட்டறையில் இருந்தவர் வாயில் அவைதானே வரும்? ஒன்றும் வரவில்லை. வந்தவை வேறு.

காயின் நா: வா, சாப்பிடு.

தூலோக் நா: தூங்கு.

தஹான் நா: அழாதே, போதும். மதிலுக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை அழுதபோது சொன்னார். நான் கேட்டிராத குரல். 'தஹான் நா, அனாக்' என்றார்.

அனாக்: பிள்ளை. பெரியவர்கள் வயதில் சின்னவர்களையும் அப்படிக் கூப்பிடுவார்களாம், அகராதியில் போட்டிருக்கிறது. பட்டறையில் சின்னப் பையன்கள் வேலைக்கு இருந்திருப்பார்கள். அவர்கள் அழுதிருப்பார்கள்.

கன்சீல்: 'கொன்' சேர்ந்த 'கேலாரே'. ஒன்று விடாமல் மறைத்தல். அகராதியைப் புரட்டும்போது சும்மா நினைவுக்கு வந்தது.

ஜூலை 20

டாக்டர் முகிலன் வீட்டுக்கே வந்து பார்த்தார். கஸ்பாருக்கு அவரைக் கண்டால் முகம் மலர்கிறது. அந்த ஊர் மொழியில் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். நினைவு எப்படி இருக்கிறது என்று பார்க்க, என்னைக் காட்டி, "சினோ சியா?" என்றார் டாக்டர். இவர் யார்?

கஸ்பார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குரோ" என்றார்.

அகராதி தேவைப்படவில்லை. நம் குரு கடல் தாண்டிப் போய் அங்கே ஆசிரியர் ஆகியிருக்கிறது. டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குழப்பம் இருக்கும் ஆன்ட்டி, போகப்போகத் தெளிஞ்சிரும்" என்றார். குழப்பம் என்ன இதில்? ஆசிரியைதான் நான்.

கிளம்பும்போது கஸ்பார் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு 'அசாவா கோ, அசாவா கோ' என்றார். அர்த்தம் கேட்டேன். டாக்டர் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்.

"வீட்டுக்காரங்கன்னு அர்த்தம் ஆன்ட்டி. புருஷன்னாலும் பொண்டாட்டின்னாலும் ஒரே சொல்லுதான். 'எங்க வீட்டுக்காரங்க'ங்காரு."

"என்னைத்தான் கேட்கிறார்."

"ஆமா" என்றார், வாசலைப் பார்த்துக்கொண்டு.

ஜூலை 26

மாதா கோயிலில் கொடியேற்றம். வெடிச்சத்தம் கேட்டு கஸ்பார் பயந்துவிட்டார். நான் கோயிலுக்குப் போகவில்லை. ரெஜினா போய்விட்டு இங்கே வந்தாள். அண்ணனின் பழைய ஃபோட்டோ ஏதாவது இருக்கும் என்று, நான் அணைத்து அலமாரியில் வைத்திருந்த அவருடைய ஃபோனை எடுத்துச் சார்ஜ் போட்டிருக்கிறாள். நான் அடுப்படியில் இருந்தேன். மணி அடித்ததும் எடுத்துவிட்டாள். முகம் தெரியும் அழைப்பு.

வந்து பார்த்தபோது ஃபோனில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். லூஸ் என்று பெயர் சொன்னாள். மடியில் ஒரு சிறுமி. 'பாபா, பாபா' என்று அந்தச் சிறுமி கத்தியது. கஸ்பார் இடது கையால் ஃபோனைப் பிடுங்கினார். பிடுங்கி முகத்தோடு வைத்துக்கொண்டு பேசினார். சொல் இல்லை, வாக்கியம் வாக்கியமாகப் பேசினார். ஒரு மாதமாக நான் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பெண்ணுக்கு ஆற்று வெள்ளமாகக் கொட்டுகிறார். அழுதார். சிரித்தார்.

ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மைனி, அந்தப் புள்ள அப்படியே அண்ணன் மூஞ்சி மைனி."

டெசர்ட்: 'தே' சேர்ந்த 'செரெரே'. சேர்த்துக் கட்டியதை அவிழ்த்தல். கட்டியது எந்தத் தேதி என்று எனக்குத் தெரியும். அவிழ்த்த தேதி தெரியவில்லை. சிறுமிக்கு ஏழு வயது இருக்கும்.

ஜூலை 27

டாக்டருக்கு ரெஜினா ஃபோனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் சாயங்காலம் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். எனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருப்பார் போல, ஒரு தம்ளர் தண்ணீர் முழுதும் குடித்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"ஆன்ட்டி, நான் டாக்டரா மட்டும் சொல்லுதேன். தெனம் கொஞ்ச நேரம் அவங்ககூடப் பேசவிடுங்க. பேச்சு ஓட ஆரம்பிச்சா தமிழும் பின்னாலயே வந்திரும். இந்த மாசத்த விட்டா அப்புறம் கஷ்டம்."

"அந்த மொழிதானே வேண்டும்? நான் பேசுகிறேன்" என்றேன்.

"நீங்களா?"

"ஏன், நான் படித்தால் வராதா?"

எக்ஸ்க்ளூட்: 'எக்ஸ்' சேர்ந்த 'க்ளவ்தெரே'. வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துதல். ஃபோனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

ஆகஸ்ட் 1

காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து தகாலோக் பேசுகிறேன். எழுவாய், பயனிலை, இடம், காலம் எல்லாம் சரியாக வருகிறது. உச்சரிப்பைக்கூட டாக்டர் மெச்சினார். கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார். எதைக் கேட்டாலும் 'ஓப்போ' என்கிறார்.

ஓப்போ: ஆமாம். மேலதிகாரிகளிடமும் வயதில் மூத்தவர்களிடமும் மட்டும் சொல்வது. வீட்டு மனுஷர்களுக்குள் வேறு சொல் இருக்கிறது.

ஆகஸ்ட் 3

உவி: வீட்டுக்குப் போதல். போவதற்கு அந்த மொழியில் வேறு சொற்கள் உண்டு. இது வீடு திரும்புவதற்கு மட்டுமே ஆனது. இன்று முழுதும் இதைத்தான் சொன்னார். அவர் பார்த்துப் பார்த்துத் தளம் போட்ட வீடு, அவர் கொண்டுவந்த ஜப்பான் மின்விசிறி, முப்பது வருடமாக அவருக்காக நான் தட்டிப்போட்ட கட்டில். அதில் படுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்.

"இதுதான் வீடு" என்றேன், தகாலோக்கில்.

"ஓப்போ" என்றார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி, உவி.

ஆகஸ்ட் 5

மாதா திருநாள். போகவில்லை.

ஆகஸ்ட் 8

ரெஜினா எங்கிருந்தோ அந்தப் பெண்ணைப் பிடித்துத் தன் மகன் ஃபோனிலிருந்து பேசியிருக்கிறாள். ரெஜினாவின் அரைகுறை ஆங்கிலத்தில் பேசி இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள். லூஸ் அடுத்த மாதம் பிள்ளையோடு தூத்துக்குடிக்கு வருகிறாளாம். விசாவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்றாம்.

"வரட்டும் மைனி. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணிச்சி? ஒரு நாளு அப்பன் மடியில ஒக்காந்துட்டுப் போட்டும். ஒங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?"

எனக்கு என்ன குறைந்துவிடுமா? என் பிள்ளைகள் என்று சொல்ல வகுப்பறையில் இருந்தவர்கள்தான் எனக்கு. வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோன மனிதருக்குப் பெண்டாட்டியாகவே இந்தத் தெருவில் இத்தனை காலம் இருந்தேன். கோயிலில் குடும்பமாக உட்காரும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். கஸ்பார் வீட்டு டீச்சர் என்ற ஒரு பேர். அதற்கு மேல் எனக்கு யாரும் ஒன்றும் தரவில்லை. அவள் ஒரு ஆட்டோவில் வந்து, அவர் முகத்தைக் கொண்ட பிள்ளையைக் கையில் பிடித்து இறங்கினால் தெரு இரண்டு பக்கமும் நின்று பார்க்கும். அன்றைக்கு நான் யார்? அவருக்குச் சம்பளமில்லாமல் மலம் அள்ளுகிற ஆயா. எரிகிறது எனக்கு. எழுதினால் ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை.

ஆகஸ்ட் 11

ரெஜினா விடவில்லை. "நீங்களே ஒரு வார்த்த வான்னு சொல்லிருங்க மைனி. மூத்தவ கூப்பிட்டாத்தான் அவளுக்கும் மரியாத" என்று அலமாரியைத் திறக்க வைத்து, அவளே நம்பரைப் போட்டு, ஃபோனை என் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முகம் தெரியாத அழைப்புதான் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். லூசுக்கு ஆங்கிலம் நன்றாகவே வருகிறது. ரெஜினாவுக்கும் நாலு சொல் புரியும். ஆகவே தகாலோக்கில் பேசினேன்.

பெயரைச் சொன்னேன். கஸ்பாரின் மனைவி என்று சொன்னேன். பிறகு, இரண்டு நாளாக மனதில் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

பத்தாய்: இறந்த. 'பத்தாய் நா சியா.' அவர் இறந்துவிட்டார்.

எந்த இடத்திலும் குரல் பிசகவில்லை. அந்தப் பக்கம் ஒரு அலறல். பின்னால் சிறுமி ஏதோ கேட்டது. அடக்கம் முடிந்துவிட்டது, வர வேண்டாம் என்பதையும் சொல்லி வைத்துவிட்டேன்.

"ஏன் மைனி அழுதா?"

"சந்தோஷத்தில்."

ரெஜினா என் கன்னத்தைத் தடவி முத்தம் கொடுத்தாள். "நல்லா பேசுனிய மைனி. சொந்தத் தங்கச்சிகிட்ட பேசுத மாதிரி இருந்துச்சி. ஒங்க மனசு யாருக்கு வரும்?"

அவள் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கட்டில் அங்கேதான் கிடந்தது, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். அந்த மொழி புரிகிற இன்னொரு ஆள் இந்த வீட்டில் இருக்கிறார் என்பது எப்படி மறந்தது எனக்கு? கண் மூடியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார். சாப்பிட்டால் உடனே தூங்குகிறவர்தான்.

இன்றைக்கு லத்தீன் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 12

ஒரு சொல்லும் இல்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கொடுத்தால் குடிக்கிறார்.

ஆகஸ்ட் 15

'ஓப்போ'வும் இல்லை. நான் எதிரில் உட்கார்ந்து பேசினால் சுவரைப் பார்க்கிறார். டாக்டர் முகிலன் வந்து அரை மணி நேரம் அந்த ஊர்க் கதையெல்லாம் பேசிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லா வந்துட்டு இருந்துச்சே ஆன்ட்டி. வீட்டுல எதுவும் நடந்துச்சா? யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"இங்கே சொல்ல யார் இருக்கிறார்கள்?"

ஃபோனில் ஒரு படம் வந்திருந்தது. அங்கேயும் நம்மைப்போலக் கத்தோலிக்கர்கள்தான். இறந்தவருக்கு ஒன்பது நாள் வீட்டில் ஜெபம் சொல்கிறார்கள். மேசையில் வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணத்தில் சோறு, நடுவில் கஸ்பாரின் ஃபோட்டோ. கைலியும் பனியனுமாக, பல் தெரியச் சிரிக்கிறார். அந்தப் பல்லை நான் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறுமி நிற்கிறது. வெள்ளைக் கவுன்.

படத்தை அழித்துவிட்டு, சிம் கார்டைக் கழற்றி இரண்டாக ஒடித்தேன். ரெஜினாவின் மகன் ஃபோனில் அந்த நம்பர் இருக்கிறது. அவனிடம் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19

சாயங்கால ஜெபத்துக்கு ரெஜினா வந்தாள். கஸ்பாரை நாற்காலியில் உட்கார வைத்துச் செபமாலை சொன்னோம். இறந்த விசுவாசிகளுக்காக என்று ரெஜினா சொல்லும்போது அவர் தலை நிமிர்ந்தது. வாய் கோணி, உதடு இரண்டு மூன்று முறை கூடிக் கூடிப் பிரிந்தது. பிறகு, தெளிவாக, தமிழில் கேட்டார்.

"ரெஜினா, நான் செத்துட்டனா?"

ரெஜினா செபமாலையைக் கீழே போட்டுவிட்டாள். "மைனி! அண்ணனுக்குப் பேச்சு வந்துட்டு! தமிழு வந்துட்டு மைனி!" அவர் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "சாவாவது ஒண்ணாவது! வாயத் தொறந்ததும் என்ன கேள்வி கேக்காவ பாருங்க! நல்லா கல்லு மாதிரி இருக்கிய அண்ணே!" அடுப்படிக்கு ஓடிச் சீனி டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மேலவீட்டுக்காரியைக் கூப்பிடுவது கேட்டது. டாக்டருக்கு ஃபோன் போடுவது கேட்டது. எங்க மைனி பகலும் ராத்திரியும் பாடுபட்டதுக்கு மாதா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

அறையில் நாங்கள் இரண்டு பேர். கஸ்பார் என்னையே பார்த்தார். குழப்பம் ஒன்றும் அந்தக் கண்ணில் இல்லை. நான் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"ஜெசிந்தா" என்றார். கடைசியாக அந்தப் பேரை அவர் வாயில் எப்போது கேட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. "அந்தப் புள்ள... அழுதிச்சா?"

இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் விழாதா என்று எத்தனை நாள் காத்திருந்தேன்.

"பேசாம இருங்க" என்றேன்.